கதவைச் சாத்தியவள்

பழச்சாறு பாட்டிலை வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தவரை வெளியிலேயே நிறுத்தி, அக்கா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று ரேடியோவை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள். வானிலை அறிக்கை அறை முழுக்க அலறியது. கட்டிலில் அவளுடைய தம்பி சாகக் கிடந்தான்.

தம்பி என்பது அவளுக்கு மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அவர் ஃபாதர். முப்பது வருஷமாக இந்தப் பங்கின், இந்தக் கோயிலைச் சேர்ந்த ஜனங்களின், சாமியார். பார்க்கிறவர்களிடமெல்லாம் “எங்க அக்கா” என்றே சொல்லிச் சொல்லி, அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவளை அக்காவாக்கி வைத்திருந்தார்.

பக்கவாதம் வந்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்ததும், கோயிலை ஒட்டிய சாமியார் வீட்டுக்கு அக்கா பெட்டியோடு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படுக்கை விரிப்பு அவளுக்குப் பிடித்தபடி வெள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி வந்தவர்களையெல்லாம் உள்ளே விட்டாள். ஒருத்தர் கால் பிடித்துவிடுவார், ஒருத்தர் ஸ்பூனில் சூப் ஊட்டுவார், ஒருத்தர் சும்மா நின்று அழுதுவிட்டுப் போவார். தம்பிக்கு இத்தனை சொந்தமா என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு காய்ச்சல் ஏறியது. ஃபாதர் பேச ஆரம்பித்தார்.

பிதற்றல் என்றுதான் முதலில் நினைத்தாள். கண்ணை மூடி, யாருக்கோ காது கொடுப்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடப்பார். பிறகு தணிந்த குரலில் ஒரு பெயரைச் சொல்வார். அந்த ஆள் செய்ததைச் சொல்வார். அதற்கு ஆறுதலும் சொல்வார். கடைசியில் விளங்கும் கை மட்டும் எழுந்து காற்றில் ஒரு சிலுவை போடும். அந்தச் சிலுவையைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பாவசங்கீர்த்தனம்! அத்தனை வருஷம் ஜனங்கள் வந்து ரகசியமாகக் கொட்டிய பாவங்களையெல்லாம் பூட்டி வைத்திருந்த மனுஷன், காய்ச்சல் வேகத்தில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அறையில் அப்போது இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா கைதவறியதுபோல சூப் கிண்ணத்தைக் கீழே போட்டாள். அவர்கள் துடைக்கத் துணி தேடிப் போன நேரத்தில் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து கதவு திறக்கவில்லை.

ஃபாதர் என்னதான் சொன்னார் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. அக்கா யாரிடமும் சொல்லவில்லை, அதனால் இந்தக் கதையிலும் அது வராது. ஒன்றை மட்டும் சொல்லலாம். அதிகம் வந்த பெயர், கோயிலில் பாடகர் குழுவை நடத்தும் பாட்டு டீச்சரின் பெயர். அவள் முறை வரும்போது அவர் குரல் இன்னும் இளகும். “கடவுள் அத எப்பவோ மறந்தாச்சும்மா. நீதான் இன்னும் சுமந்துக்கிட்டுத் திரியிற. போதும், எறக்கி வச்சிடு” என்பார். ஒரே நாளில் பலமுறை சொன்னார்.

உதவிக்கு இருந்த சின்னச் சாமியாரை மட்டும் அக்கா உள்ளே விட்டாள். சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் நோயில்பூசுதல் எண்ணெயோடு வந்தவர், பாதி வாக்கியம் காதில் விழுந்ததுமே முகம் வெளுத்துப்போனார். எண்ணெய் பூசி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

“நான் ஏன் கதவைச் சாத்துறேன்னு வெளிய சொல்லிடலாமா சாமி?” என்று அக்கா கேட்டாள்.

“சொன்னா ஒவ்வொருத்தருக்கும் வயித்துல புளியக் கரைக்கும்க்கா. நம்ம விஷயமும் வெளிய வந்துடுச்சோன்னு ஒருத்தரும் தூங்க மாட்டாங்க.” கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்து, “கேட்டத வெளிய சொல்லக்கூடாதுங்கிறது சாமியாருக்கு மட்டுமில்ல, காதுல விழுந்தவங்களுக்கும் அதே கட்டுப்பாடுதான். சாகுற வரைக்கும்” என்றார்.

நல்லது. அப்படியானால் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதைச் சம்பாதிக்க அக்கா பெரிதாக ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. தாழ்வாரத்து பெஞ்சுகளில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த கூட்டமே பார்த்துக்கொண்டது. சாகப்போகிற மனுஷன் அறையில் ரேடியோ என்ன வேண்டிக்கிடக்கிறது என்றார்கள். இருக்கும்போது எட்டிப் பார்க்காதவள் இப்போது உரிமை கொண்டாடுகிறாள் என்றார்கள். அது பொய், மாதம் தவறாமல் வந்தவள்தான். ஆனால் வாய்க்குப் பூட்டா போட முடியும்?

பாட்டு டீச்சர் முணுமுணுக்கிற ரகம் இல்லை. நேரே வந்து கதவைத் தட்டினாள். அக்கா ஓரமாகத் திறந்து, உடம்பால் வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“முப்பது வருஷம் எங்களுக்குன்னே வாழ்ந்த மனுஷன். சாகுறப்ப மட்டும் உங்களுக்குச் சொந்தமா? ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடுறேன்.”

அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. உள்ளே கேட்டதிலிருந்து ஒரே வார்த்தை போதும், டீச்சர் வந்த வழியே திரும்பிவிடுவாள். அந்த வார்த்தை தன்னிடம் இருப்பதே அக்காவுக்கு அசிங்கமாக இருந்தது. உள்ளேயிருந்து ஃபாதரின் குரல் மெல்ல எழ ஆரம்பித்ததும், “அப்புறம் வாங்க” என்று டீச்சரின் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

கடைசி நாள் மதியம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதுபோல இருந்தது. ஃபாதர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். அக்கா கட்டிலருகே குனிந்தாள். அம்மா வேலைக்குப் போன காலத்தில் இடுப்பிலேயே வைத்துச் சுமந்த பிள்ளை. இந்த ஒரு வாரத்தில் யார் யாரையோ கூப்பிட்டுவிட்டான். அவளை மட்டும் கூப்பிடவே இல்லை.

“நான்தான்டா. அக்கா” என்றாள்.

அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். “பயப்படாம சொல்லும்மா” என்றார்.

அவள் அழுதாள். இத்தனை நாள் அழாததற்கும் சேர்த்து அழுதாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார், அழுகிறவர்களுக்காகக் காத்திருந்து பழகியவர் ஆயிற்றே. பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எல்லாத்தையும் சொல்லிட்டேன் சாமி” என்றாள். கூடப்பிறந்தவனை அவள் சாமி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. கை எழுந்து சிலுவை போட்டது. அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மூச்சு நின்றது.

அக்கா ரேடியோவை அணைத்தாள். தாழ்வாரத்தில் ஜெபமாலை பாதியில் நின்றது. பெஞ்சுகள் நகர்ந்து, எல்லாரும் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அடக்கப் பூசையில் கோயில் கொள்ளவில்லை. குருக்களுக்குரிய முறைப்படி, தலை பீடத்தின் பக்கமும் கால் வாசலின் பக்கமுமாக, ஜனங்களைப் பார்த்தபடி அவரைக் கிடத்தியிருந்தார்கள். பூசை முடிந்து ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துத் தங்கள் ஃபாதரைச் சொன்னார்கள். பிரசவ வலி கண்டவர்களைக் கொண்டுபோகவென்றே கார் ஓட்டக் கற்று, ஃபாதர் இடிக்காத மதில் பாக்கியில்லை என்று ஒருவர் சொன்னதும் அழுதவர்களும் சிரித்தார்கள். காது கேளாத மெக்கானிக் ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் ஊருக்கே கேட்கும்படி கத்துவார் என்பதற்காக, அவரை ஆளில்லாத மைதானத்துக்கு காரில் கூட்டிப்போய் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் கேட்பாராம். அந்த மெக்கானிக்கே வந்து அதைக் கத்திச் சொன்னார்.

பாட்டு டீச்சர் கடைசியாக வந்தாள். பாட்டு வராத பிள்ளைகளையும் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் என்றாள். பிறகு குரல் மாறியது. அவர் கைபிடித்து வளர்த்த பிள்ளைகள் அவருடைய சாவுக்கட்டிலைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை என்றாள். தலைகள் முதல் வரிசைக்குத் திரும்பின. சின்னச் சாமியார் தரையைப் பார்த்தார். அக்கா தம்பியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை அக்கா போட்டாள். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி போட்டுவிட்டு அவளிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா? எங்க வீட்டைப் பத்தி? அக்கா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். பேச்சே வரவில்லை, உள்ளே கேட்டதெல்லாம் ரேடியோதான். மெக்கானிக்குக்கு மட்டும் அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டம் கலையும்போது பாட்டு டீச்சர் வந்தாள். மைக்கில் இருந்த தோரணை எதுவும் இல்லை. முகம் வீங்கியிருந்தது.

“கோவத்துல பேசிட்டேன். அதுக்கு வரல,” என்றாள். “என் பேரச் சொன்னாராக்கா? ஒரே ஒரு தடவ?”

அந்த ஒரு வாக்கியம் அக்காவின் தொண்டை வரைக்கும் வந்தது. கடவுள் மறந்தாச்சு, எறக்கி வச்சிடு. இவளுக்கென்றே சொன்னது. இவளைத் தவிர வேறு யாருக்கும் உதவாதது.

“இல்லம்மா,” என்றாள்.

டீச்சர் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். “சொல்லியிருப்பார்னு நெனச்சேன்.”

“என்னையுமே கூப்பிடலம்மா,” என்றாள் அக்கா. “ஒரு தடவகூட அக்கான்னு கூப்பிடல.”

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. டீச்சர் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையிலும் மண் இருந்தது. ஒருத்தியும் அதைத் தட்டிவிடவில்லை.