ஜவ்பரின் வலக்கைக் கவசம்

1

இந்தக் கதை என் தொந்தியிலிருந்து பிறந்தது. சமூகக் கோபத்திலிருந்து பிறந்தது, நெஞ்சின் ரணத்திலிருந்து பிறந்தது என்று பின்னட்டையில் போடும்படி ஏதாவது சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, வயிறு முட்டச் சோறும் தின்றுவிட்டு வந்த என்னைத் தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, கழுத்திலிருந்து தொடைவரை சாப்பாடு மூடும் மெல்லிய பொலித்தீனைச் சுற்றி, அதன்மேல் சாம்பல்நிற ஒட்டுநாடாவை வரிவரியாக இழுத்து ஒட்டிவிட்டு, என் தங்கச்சி பஸ்மியா சொன்னாள்:

"நானா, வண்டிய உள்ளுக்கு இழுங்க. அவருக்கு இவ்வளவு இல்ல."

"நானா" என்பது அண்ணனாகிய நான், "வண்டி" என்பது என் தொந்தி, "அவர்" என்பது அவளுடைய புருசன் ஜவ்பர். கட்டாரில் பெட்டி கட்டும் களஞ்சியமொன்றில் வேலை. மூன்று வருடத்துக்குப் பிறகு லீவில் வருகிறார். கலியாணம் முடிந்த புதிதில் நானும் அவரும் ஒரே சட்டையை மாறி மாறிப் போட்டவர்கள். அதை நம்பித்தான் அவருக்கான கவசத்துக்கு என் உடம்பில் அளவெடுத்தாள்.

கவசம் என்றதும் சரித்திரக் கதை என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். இது போனில் விளையாடும் கேமில் வரும் கவசம். "கருங்கோட்டை" என்று ஒரு கேம். அதில் ஜவ்பர் கறுப்புக் கவசம் போட்ட தளபதி. பஸ்மியா அவருக்குப் பின்னால் ஓடித்திரியும் வைத்தியச்சி. தளபதி விழுந்தால் எழுப்புவது அவள் வேலை. மூன்று வருடமாக இந்தப் புருசனும் பெண்சாதியும் குடும்பம் நடத்தியது கருங்கோட்டையில்தான். அவர் வந்திறங்கிய மறு சனிக்கிழமை கொழும்பில் வேடம் போட்டு வருகிறவர்களுக்கு ஒரு விழா. தளபதியும் வைத்தியச்சியும் அங்கே நேரில் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை.

இனி இந்தக் கதையில் "நான்" நடிக்கமாட்டேன். தங்கச்சியின் நானாவுக்கு மஹ்ரூப் என்று பெயர் வைத்துவிட்டேன். இடுப்பில் இரண்டு அங்குலம் குறைத்தும் விட்டேன். படர்க்கையில் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது: பிழையெல்லாம் அவன் விட்டது, வர்ணனையெல்லாம் நான் எழுதியது.

2

தொடக்கம் அ: திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் அந்திச் சூரியன் தன் பொற்கரங்களை [வெட்டு. சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.]

தொடக்கம் ஆ: இரும்புக்கும் மனித மனத்துக்கும் உள்ள உறவை நாம் ஆழ்ந்து நோக்குமிடத்து [வெட்டு. முதலில், அது இரும்பே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தரையில் விரிக்கும் ரப்பர்நுரைப் பாய். தளபதியின் நெஞ்சுக் கவசத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு யானைப் படமும் எட்டாம் இலக்கமும் இருக்கும்.]

தொடக்கம் இ: ஜவ்பருடைய வலது கையில் இப்போது மூன்று விரல்தான். அது மஹ்ரூப்புக்குத் தெரியும். பஸ்மியாவுக்குத் தெரியாது.

இதை வைத்துக்கொள்வோம்.

நாலு மாதத்துக்கு முன் பெட்டிக்குப் பட்டி இறுக்கும் மெசினில் அவர் கை அகப்பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மஹ்ரூப்புக்குத்தான் முதலில் போன் எடுத்தார்.

"மச்சான், ரெண்டு விரல் போயிட்டு. அவளுக்குச் சொல்லிராதீங்க. வந்து நானே சொல்றன்."

"அதுவரைக்கும் எப்பிடி மறைக்கிற?"

"கேமில நான் இன்னும் முழுசாத்தானே இரிக்கன்," என்று சொல்லிச் சிரித்தார். மஹ்ரூப்பும் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

3

பஸ்மியாவின் வேலையைப் பற்றி எழுதத்தான் எனக்கு விருப்பம், ஏனென்றால் அதில் பொய் இல்லை. [இந்த வசனம் கொஞ்சம் கூடிப்போயிற்று. கிடக்கட்டும்.]

ஒட்டுநாடாச் சட்டையை மஹ்ரூப்பின் முதுகில் வெட்டிக் கழற்றினாள். அதைத் துண்டுதுண்டாக்கித் தட்டையாக விரித்து, கடதாசியில் பிரதி எடுத்து, அந்தக் கடதாசியை வைத்துப் பாயை வெட்டினாள். சூடான காற்று ஊதும் மெசினைப் பிடித்தால் பாய் இளகும். இளகினதும் தொடையில் வைத்து அமத்தினால் தோள்பட்டையாக வளையும். பசையை இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். மஹ்ரூப் ஒருதரம் அவசரப்பட்டு இடது தோளை வலது பக்கத்தில் ஒட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். உட்துறைமுக வீதியில் அவன் வேலைசெய்யும் வலைக்கடையிலிருந்து உடைந்த மிதவைகள் வந்தன. அவை பாதியாக அறுபட்டு, கவசத்தின் ஆணித்தலைகள் ஆயின. இடது முழங்காலின் கடதாசி அளவை, திறந்துகிடந்த படலையால் உள்ளே வந்த மான் தின்றது.*

* வெளியூர் வாசகருக்கு: எங்கள் ஊர் திருகோணமலையில் மான்கள் தெருவில் திரியும். இதைக் குறியீடு என்று கண்டுபிடித்துக் கட்டுரை எழுத வேண்டாம். அதற்குப் பசித்தது, தின்றது.

அவர் வர ஒன்பது நாள் இருக்கும்போது கையுறைக்கு வந்தாள். மஹ்ரூப்பின் வலது கையை மேசையில் விரித்துவைத்து, பேனையால் விரல் விரலாகச் சுற்றி வரைந்தாள். குனிந்தபடியே கதைத்தாள்.

"அவர் முந்தி மாதிரி இல்ல நானா."

"ஏன், என்ன?"

"நாலு மாசமா வீடியோ போடுறாரில்ல. கேட்டா நெட் சரியில்லையாம். விளையாட வாறார், ஆனா மனம் வேற எங்கயோ. ஒரு நாளைக்குப் பதினொரு தரம் விழுந்து மௌத்தாகிறார். நான் ஓடி ஓடி எழுப்புறன்." பேனை நின்றது. "அங்க வேற ஆரும் இரிக்காங்களா? தெரிஞ்சா சொல்லுங்க."

"சீ! அவன் அப்பிடிப்பட்ட ஆளா?"

"இதப் போட்டுட்டு என்னோட நிண்டா எனக்கு விளங்கும். ஆசையில நிக்கிறாரா, கடமைக்கு நிக்கிறாரா எண்டு. கடமைக்கெண்டா நான் கிண்ணியாக்கு உம்மாட வீட்ட போயிருவன். வாயால கேட்டுக்கொண்டு நிக்கமாட்டன்."

கட்டுப்போட்ட கையால் போனைப் பிடித்துக்கொண்டு எந்தத் தளபதிதான் வாள் சுழற்றுவான்? ஒருதரம் வாயைத் திறந்தால் தீர்ந்துவிடும் விசயம். மஹ்ரூப் வாயைத் திறந்தான். வந்தது இதுதான்:

"ரெண்டு விரலக் குறைச்சுச் செஞ்சா என்ன? புதுமையா இரிக்கும்."

"விசர்க் கதை கதைக்காதீங்க. கைய ஆட்டாம வைங்க."

ஐந்து விரலையும் வரைந்து முடித்தாள். மஹ்ரூப் கையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

4

இந்தக் கதையில் ஜவ்பரை நான் நம்புகிறேன். உடம்பில் குறை வந்த ஆம்பிளை அதை மறைப்பான். அதற்கு ஆதாரம் தேவையில்லை, முடி கொட்டியவர்களின் தொப்பியைப் பாருங்கள். பஸ்மியாவையும் நம்புகிறேன். நம்ப முடியாத பாத்திரம் மஹ்ரூப்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறான் என்று எழுதிப் பார்த்தேன். எடுபடவில்லை. இவன் வாக்கைக் காப்பாற்றிய சரித்திரமே கிடையாது. இரவல் வாங்கிய குடையைக்கூடத் திருப்பிக் கொடுக்காதவன். உண்மை என்னவென்றால், தங்கச்சி அழுவதைப் பார்க்க அவனுக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே பயம். அவள் அழத் தொடங்கினால் இவன் வேலிப்பக்கம் போய்விடுவான். இப்போது வேலிக்குப் பதிலாகக் கதை எழுதுகிறான்.

வாக்கு என்பது கோழைக்கு வாய்த்த கவசம் என்று ஒரு வசனம் எழுதினேன். பஸ்மியாவின் கவசத்தில் மூச்சுவிட ஓட்டையாவது உண்டு என்று இன்னொன்று. இரண்டையும் வெட்டிவிட்டேன். வெட்டியதை உங்களுக்குக் காட்டாமலும் இருக்க ஏலவில்லை.

5

முடிவு ஒன்று: விமான நிலையம். ஜவ்பர் வலக்கையைச் சட்டைப் பைக்குள் வைத்தபடி வெளியே வருகிறார். பஸ்மியா பார்க்கிறாள். பின்னணியில் வயலின். [கதையில் வயலினை யார் வாசிப்பது? வெட்டு.]

முடிவு இரண்டு: கொழும்பு மேடை. கையுறையின் வெறும் விரல் இரண்டும் மடிந்து தொங்குகின்றன. போரில் காயப்பட்ட தளபதி என்று நினைத்து நடுவர்கள் முதற்பரிசு கொடுக்கிறார்கள். விமர்சகர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் இதை எழுதிவிட்டுத் தங்கச்சி வீட்டில் ஒரு பிளேன்ரீகூட, பால் இல்லாத வெறும் தேநீர்கூட, குடிக்க முகமிராது எனக்கு.

முடிவு மூன்று: மஹ்ரூப் சொல்லிவிடுகிறான்.

"தங்கச்சி, ஒரு விசயம்

"பஸ்மியா, நீ கோவிக்காம

"நேத்துப் பெய்த மழைக்கு

மூன்று தரம் தொடங்கினேன், மூன்றும் இப்படித்தான் பாதியில் நிற்கின்றன. வாயால் ஏலாததைத் தாளால் செய்வோம் என்று, இதுவரை நீங்கள் வாசித்த அத்தனையையும் அச்செடுத்து அவளிடம் கொடுத்தான் மஹ்ரூப்.

"கவசம் செய்யிற விசயமெல்லாம் சரியா எழுதியிரிக்கனா எண்டு ஒருக்காப் பாரு," என்றான். அப்போதும் நேராகச் சொல்லவில்லை, பாருங்கள்.

6

அவள் அறைக்குள் இருந்து வாசித்தாள். மஹ்ரூப் கூடத்தில், கறுப்புப் பூச்சுக் காய்ந்துகொண்டிருந்த தளபதிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். முதலில் சிரிப்புக் கேட்டது.

"இடுப்புல ரெண்டு இல்ல நானா, நாலு அங்குலம் குறைச்சிரிக்கீங்க!"

தாள் புரண்டது. பிறகு சிரிப்பு இல்லை. இரண்டாம் பகுதி, தொடக்கம் இ. அடுத்த தாள் புரள வெகுநேரம் எடுத்தது.

இனி மஹ்ரூப் தேவையில்லை. கதிரையில் வியர்த்துக்கொண்டிருந்தது நான்.

ஒரு கையில் தாள்களும் மறு கையில் கையுறையும் பாய் வெட்டும் கட்டருமாக வெளியே வந்தாள். அழவில்லை. அழுவாள் என்றுதானே நாலு மாதமாகப் பயந்திருந்தேன்? மேசையில் கையுறையை வைத்து, கட்டரின் அலகை வெளியே தள்ளினாள்.

"எந்த ரெண்டு?"

எனக்கு விளங்கவில்லை.

"எந்த ரெண்டு விரல், நானா? வெட்டோணுமே."

ஐந்து பகுதி எழுதியிருக்கிறேன். மான் தின்ற கடதாசிவரைக்கும் எழுதியிருக்கிறேன்.

"நான்... கேக்கல்ல."

"நாலு மாசம். ஒருக்காலும் கேக்கல்ல?"

"இல்ல."

அவள் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டரை மடக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"நான் அவருக்கு அலுத்துப்போயிட்டன் எண்டு நினைச்சிட்டிருந்தன் நானா. ஒவ்வொரு நாளும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிட்டு எழுதிக்கொண்டிருந்திரிக்கீங்க."

வெட்கமாக இருந்தது. இதற்கு நல்ல வசனம் தேடமாட்டேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் போனை எடுத்து வீடியோ அழைப்புப் போட்டாள். இரண்டு தரம் வெட்டப்பட்டது. மூன்றாம் தரம் குரல் மட்டும் வந்தது. "என்ன பஸ்மி, டியூட்டில நிக்கன். இங்க நெட் சரி..."

"நெட் நல்லா இரிக்கி. வீடியோவப் போடுங்க. கைய காட்டுங்க."

அந்தப் பக்கம் பெட்டிகள் நகரும் ஓசை மட்டும் கேட்டது.

"காட்டுங்க. அளவெடுக்கோணும்," என்றாள். அந்த இடத்தில்தான் அவள் குரல் உடைந்தது. திரையில் வெளிச்சம் மாறியது. நான் எட்டிப் பார்க்க எழும்பினேன், எழுத்தாளன் அல்லவா?

அவள் திரும்பினாள். "நானா, கொஞ்சம் வெளிய போங்க."

போனேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கையிலுள்ள மூன்று முடிவும் இனிக் குப்பைக்குத்தான். நாலாவது உள்ளே நடக்கிறது, அதற்கு நாம் தேவையில்லை. நீங்களும் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், எனக்குத் தெரியும். தங்கச்சி சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான். வாருங்கள். கடற்கரைப் பக்கமாகப் போய் ஒரு பிளேன்ரீ குடிப்போம்.