பன்னிரண்டாவது கட்டடம்

நாற்பது வயதாகப் போகிறது என்று யாரும் அழுது பார்த்ததில்லை. தலை நரைத்தால் சாயம் இருக்கிறது, தொந்தி விழுந்தால் ஒரு அளவு பெரிய சட்டை இருக்கிறது. ஆனால் குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறப் பாயிண்ட் கூட்டிக்கொண்டிருந்த அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பது என்றால் பத்துப் பாயிண்ட் நஷ்டம். பிறந்தநாள் அன்று அவனுடைய குடியேற்றக் கணக்கிலிருந்து பத்து தானாகவே கழன்றுவிடும். அதற்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.

அந்தக் கணக்கு அவனைவிட அவன் மனைவிக்குத்தான் தலைகீழ்ப் பாடம். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவள். வயதுக்கு இருபத்தைந்து, ஆங்கிலத்துக்குப் பத்து, டிப்ளமாவுக்குப் பத்து, ஏழு வருட அனுபவத்துக்குப் பத்து. மகளைத் தூங்க வைத்துவிட்டு ஐந்து மாதம் படித்து அவளும் ஆங்கிலப் பரீட்சை எழுதித் தன் பங்குக்கு ஐந்து கொண்டுவந்திருந்தாள். எப்படிக் கூட்டினாலும் அறுபதுதான். விண்ணப்பம் போடவே அறுபத்தைந்து வேண்டும்.

ஏஜென்ட் அலுவலகத்தில் சுவர் முழுக்க விமானப் படங்கள். ஏஜென்ட் மட்டும் எங்கேயும் போனவராகத் தெரியவில்லை.

"உங்க பேர்ல உரிமம் வந்து ஏழு வருஷம்தான் ஆகுது. எட்டு வருஷம் காட்டினா பத்து பதினஞ்சாயிடும், அறுபத்தஞ்சு வந்துடும். அதுக்கு முந்தி வேலை செய்யலையா நீங்க?"

"அஞ்சு வருஷம் கிட்ட செஞ்சேன். ஆனா கம்பெனி ரெக்கார்டுல ஹெல்பர்னு இருக்கு."

"அப்ப உங்க மேல இருந்தவர்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க. இந்த ஒரு வருஷம், இந்த இந்தக் கட்டடத்தோட லிஃப்டை இவர்தான் தனியா பாத்தாருன்னு. கையெழுத்து போடறவருக்கு அப்ப உரிமம் இருந்திருக்கணும். அவ்வளவுதான்."

"அறுபத்தஞ்சு வந்தா கண்டிப்பா கூப்பிடுவாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"வரிசையில நிக்க விடுவாங்கம்மா. அதிகப் பாயிண்ட்லேருந்து கூப்பிட்டுக்கிட்டே வருவாங்க. போன மாசம் எழுபதோட நிறுத்திட்டாங்க. அதுக்கு முந்தின மாசம் அறுபத்தஞ்சு வரைக்கும் இறங்கினாங்க. அடுத்தது எங்க நிக்கும்னு தெரிஞ்சா நான் ஏன் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்?"

வெளியே வந்ததும் மனைவி சிரித்தாள். பல மாதம் கழித்துச் சிரித்தாள். "ஒரு கடிதம்தானே. ஃபோர்மேன் அண்ணன் உங்களுக்கு இல்லைன்னா சொல்லப் போறாரு?" என்றாள். அவன் ம்ம் என்றான். அண்ணனிடம் போய் நிற்பது அவ்வளவு சுலபமில்லை என்று அவளுக்குத் தெரியாது.

அந்தக் கம்பெனியில் வேலை நடந்த விதத்தைச் சொன்னால்தான் இது புரியும். ஒவ்வொரு லிஃப்டுக்கும் மேலே மெஷின் ரூமில் ஒரு பராமரிப்பு நோட்டு உண்டு. மாதாமாதம் என்ன பார்த்தோம், என்ன மாற்றினோம் என்று எழுதி, உரிமம் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும். உரிமம் இருந்ததோ ஃபோர்மேன் ஒருவருக்குத்தான். அவர் ஒரே ஆள் அறுபது கட்டடத்துக்கு எங்கே ஓடுவார்? அதனால் திங்கட்கிழமை காலை டீயோடு உட்கார்ந்து வெற்றுத் தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். ஹெல்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போய், வேலையை முடித்து, கையெழுத்துக்கு மேலே எழுதி நோட்டில் ஒட்டிவிடுவார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் மூன்று வருடம் நம் மெக்கானிக் மற்றவர்களோடு எடுபிடியாகப் போனவன். நாலாவது வருடம்தான் அவன் பொறுப்பில் தனியாகப் பன்னிரண்டு கட்டடங்கள் விழுந்தன. பன்னிரண்டாவது, பழைய அச்சகக் கட்டடம்.

அந்த வருடக் கடைசியில் அச்சகக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் கதவுப் பூட்டு தகராறு செய்தது. லிஃப்டின் கதவு பூட்டவில்லையென்றால் வண்டி, அதாவது ஆட்கள் ஏறும் கூண்டு, நகராது, அதுதான் பாதுகாப்பு. பூட்டைச் சோதிக்க வண்டியை நகர்த்த வேண்டியிருந்தது. அதற்காக அவன் கண்ட்ரோல் பேனலில் ஒரு சின்ன வயரைக் குறுக்கே போட்டு, கதவு பூட்டியிருக்கிறது என்று லிஃப்டையே ஏமாற்றினான். எல்லாரும் செய்வதுதான். அந்த நேரம் பார்த்து வேறொரு கட்டடத்தில் ஆட்கள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று ஃபோன் வந்தது. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். போகிற போக்கில் கையெழுத்திட்ட தாளில் 'எல்லாம் சரி' என்று எழுதி ஒட்டினான். வயரை எடுக்கவில்லை. மூன்றாம் தளக் கதவு பூட்டாமலே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, தரை துடைக்கிற பெண் ஒருத்தி மூன்றாம் தளத்தில் கதவை இழுத்தாள். திறந்தது. வாளியோடு உள்ளே காலை வைத்தாள். உள்ளே வண்டி இல்லை. உயிர் போகவில்லை, இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது.

விசாரணையில் நோட்டைத் திறந்தார்கள். கையெழுத்து ஃபோர்மேனுடையது. வேலை செய்தது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றார் ஃபோர்மேன். அவருடைய உரிமம் ரத்தானது. கம்பெனிக்கு உரிமம் உள்ள ஆள் ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டதால், விபத்து நடந்த எட்டாவது மாதம் மெக்கானிக்கைப் பரீட்சைக்கு அனுப்பி உரிமம் வாங்கிக் கொடுத்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பரிசும் பாவத்தோடேயே போய்ச் சேர்ந்தது. மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. முதல் வாரம் பயத்தில் திறக்கவில்லை. பிறகு, இத்தனை நாள் கழித்து எப்படி என்று திறக்கவில்லை. இப்போது அவனிடம் வேலை பழகுகிறவர்கள் அவனுக்கு 'இன்னொருதரம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எதை முடித்தாலும் 'இன்னொரு தரம் பாத்துடலாம்' என்று திரும்ப ஏறுவானாம். காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

ஃபோர்மேன் இப்போது டாக்டர்கள் நிறைந்த ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் அமுக்குவதுதான் வேலை. மெக்கானிக் போனபோது அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"வா தம்பி. எந்த மாடி?"

"உங்களைப் பாக்கத்தான் வந்தேண்ணே."

"அப்ப ஏறிக்க. நின்னு பேசினா மேனேஜர் கத்துவான்."

நாலாவது மாடி போவதற்குள் மெக்கானிக் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டான். பாயிண்ட், பிறந்தநாள், கடிதம், ஒரு வருடம். நடுவில் எக்ஸ்ரே உறையோடு ஒரு குடும்பம் ஏறி இறங்கியது. ஃபோர்மேன் பேனல் மீது கண்ணை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த வருஷம்?"

"நாலாவது வருஷம்ணே."

கதவு திறந்தது. ஒருவர் சக்கர நாற்காலியில் ஒரு அம்மாவைத் தள்ளிக்கொண்டு ஏறினார். இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்று இடம் விட்டார்கள். அவர்கள் இறங்கிப் போனதும் கதவு மூடிக்கொண்டது.

"தர்றேன்," என்றார் ஃபோர்மேன். "ஆனா பன்னெண்டும் எழுதணும்."

"அண்ணே, அதை எழுதினா…"

"பதினோரு கட்டடத்துல என் கையெழுத்துக்கு மேல இருக்கற வேலை உன்னுது. அந்த ஒண்ணு மட்டும் என்னுதா? இதை எப்படிடா என்கிட்டயே கேக்க வந்தே?"

அவர் குரலை உயர்த்தவில்லை. மெக்கானிக்குக் காது மடல் சுட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஏழரை வருடமாக அவனிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இப்போது சொன்னால் ஐந்து பாயிண்டுக்காகச் சொன்னதாக ஆகும் என்று அதையும் விழுங்கினான்.

"விபத்தைப் பத்தி எழுதச் சொல்லல," என்றார் ஃபோர்மேன். "கட்டடத்துப் பேர் போதும். நான் போகாத இடத்துக்கு நான் போகலைன்னு எங்கயாவது ஒரு காகிதத்துல இருக்கட்டும். அந்த ஊர்ல எவன் வந்து இங்க தோண்டப் போறான்?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டு, ஒரு வெள்ளைத் தாளின் அடியில் பழைய உரிம எண்ணோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேலே முழுவதும் வெறுமை.

"எழுத்து வேலை உன்னுது. நான் படிச்சுப் பாக்கப் போறதில்ல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி அந்தத் தாளை மேசைமேல் நேராக வைத்து, கீழே கோடு போட்ட தாள் ஒன்றைச் செருகிக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். அவள் ஆங்கிலக் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். மகள் பக்கத்து அறையில் அந்த நாட்டுப் பறவைகளின் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒவ்வொரு கட்டடமாகச் சொன்னான். அவள் எழுதினாள். பதினொன்றாவதில் நிறுத்தினான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அச்சகக் கட்டடம்? அந்த வருஷம் எப்பப் பாத்தாலும் அங்கதானே கிடந்தீங்க? சட்டையெல்லாம் மை வாசனை அடிக்கும்."

அந்த நாட்டுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு சொல் தடையாக நின்றது. பெயர்தானே, எவன் தோண்டப் போகிறான் என்று ஃபோர்மேனே சொல்லியிருந்தார். ஆனால் தோண்டினால்? பெயரைத் தட்டினால் விசாரணை, விசாரணையில் பொய், பொய்யில் இவன். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிடும். அறுபத்தைந்தும் போய், இருக்கிற உரிமமும் போய்விடும். அவனுக்கு மகளின் தலை தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஏதோ ஒரு சிறகுக்குப் பச்சை தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அது வேணாம்," என்றான். "அது அண்ணன் பாத்தது."

இத்தனை வருடத்தில் அந்தப் பொய்யை அவன் வாயால் சொன்னதில்லை. மௌனமாக இருந்தான், அவ்வளவுதான். அதைச் சொல்லியே தன்னைத் தேற்றிக்கொண்டும் வந்தான். இன்றுதான் முதல் தடவை. மனைவி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பதினொன்றாவது பெயருக்குப் பக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்தாள்.

விண்ணப்பம் போனது. திரையில் அறுபத்தைந்து என்று வந்தது. பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்னால் அழைப்புச் சுற்று நடந்தது. எழுபதோடு நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பிறந்தநாள் அன்று காலை எட்டு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கடவுளோ மனிதனோ அனுப்பியதல்ல, இயந்திரம் அனுப்பியது. உங்கள் பாயிண்ட் திருத்தப்பட்டுள்ளது, ஐம்பத்தைந்து. மனைவி அதைப் படித்துவிட்டு, மகளின் தலையைப் பின்னிக்கொண்டே, "சரி, போங்க, வேலைக்கு நேரமாகுது" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனி அவனை டாக்டர்கள் கட்டடத்துக்கு அனுப்பியது. கதவு சென்சாரில் தூசி. துடைத்தான், சோதித்தான், இன்னொரு தரமும் சோதித்தான். ஃபோர்மேன் ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் இரண்டு பேரும் உள்ளே ஏறினார்கள்.

"என்னாச்சு?"

"வரலைண்ணே. எழுபதோட நிறுத்திட்டாங்க. இனிமே வராது."

"அடப்பாவமே," என்றார். மெய்யாகவே வருந்தினார், அது அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு மாடி போன பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எழுதினியா?"

இல்லை என்று சொல்ல இப்போது எந்தத் தடையும் இல்லை. காக்க வேண்டிய பாயிண்ட் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் போன பிறகு உண்மையைச் சொல்வதற்கு என்ன செலவு? மெக்கானிக் வாயைத் திறந்தான்.

"எழுதினேண்ணே."

"பன்னெண்டும்?"

"பன்னெண்டும்."

ஃபோர்மேன் மூச்சை விட்டார். தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கின. அவர் இவ்வளவு காலம் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

"உனக்குக் கிடைக்கலையேன்னு இருக்கு. ஆனா எனக்கு ஒரு உதவி பண்ணு தம்பி. அதோட ஜெராக்ஸ் ஒண்ணு குடு. என் பொண்ணு, அந்த விஷயத்துக்கு அப்புறம் என்கூட சரியா பேசறதில்ல. ஒரு பொம்பளையோட காலை எடுத்துட்டீங்களேப்பான்னு ஒருநாள் கேட்டுட்டா. நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டா. நீ கவர்மெண்டுக்கே குடுத்த கடிதம்னா நம்புவா."

லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை.

"கொண்டு வர்றேண்ணே," என்றான் மெக்கானிக். "நாளைக்கே கொண்டு வர்றேன்."

அந்த மாடியில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டான்.