புல்வெளியில் நாலாயிரம் பேர்

அரிசி அளவு ஆட்களை வைத்து ஒரு சட்டமன்றத்தையே ஆற்றுக்கு அக்கரை தள்ளிவிட்டவர் மாதிரிக்காரர். கட்டப்போகும் கட்டடங்களை அட்டையில் குட்டியாகச் செய்துகொடுப்பதுதான் அவர் தொழில்.

அன்று தேசம் வளர்ந்த வேகம் அப்படி. தேநீர் குடிக்கப் போனவன் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் எதிரே ஒரு பாலம் முளைத்து, அதில் நெரிசலும் ஆரம்பித்திருக்கும். இனி வரும் நூறாண்டும் ஆசியாவுக்குத்தான் என்று சுற்றியுள்ள நாடுகளெல்லாம் மார்தட்டின. அதற்குத் தோதாக ஒரு புதுத் தலைநகரம். அதன் மாதிரியில் நாலாயிரம் ஆட்களை இடுக்கியால் எடுத்து, பசை தொட்டு, ஒவ்வொருவராக நட்டார்.

புதுச் சட்டமன்றத்தின் முன்னால் பெரிய புல்வெளி. நிஜத்தில் அந்த இடத்தில் இருந்தது அவருடைய தெரு. வரைபடத்தில் கையெழுத்துப் போடவேண்டிய திட்ட அதிகாரியோ அவர் மனைவியின் தம்பி.

"உங்க அக்கா எங்க போவா மாப்ளே?"

"நாடே எந்திரிச்சு நிக்குது அத்தான், ஒரு தெரு நகர்ந்துக்கக் கூடாதா? இருபதாவது மாடியில வீடு தர்றாங்க."

"ஸ்டூல் மேல ஏறினாலே அவளுக்குத் தலை சுத்தும்."

மாலை நாலு மணிக்கு ஏழு நாட்டுத் தலைவர்கள் மாதிரியைப் பார்த்ததும் கையெழுத்து. மதியம் அறையைப் பூட்டிச் சாவியை அதிகாரியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுத் திரும்பினால் மாதிரியில் கடைவீதி காலி, ரயில் நிலையம் காலி. நாலாயிரம் பேரும் புல்வெளியில் தோளோடு தோள் நின்றார்கள்.

"விளையாடாதீங்க அத்தான்."

"நட்டு முடிக்கவே மூணு மாசம் ஆச்சு. சோறு திங்குற நேரத்துல பிடுங்கி நட நான் என்ன நாத்து நடுற மிஷினா?"

அதிகாரி குனிந்து பார்த்தார். நாலா பக்கமிருந்தும், புல்லுக்காகத் தூவிய பச்சைத் தூள் தேய்ந்து ஒற்றையடிப் பாதைகள் விழுந்திருந்தன. அத்தனை பேரையும் தூரிகையால் கூட்டி ஒரு பெட்டியில் அள்ளி மூடினார். மாதிரிக்காரரை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

மாதிரிக்காரர் கதவில் காதை வைத்தார். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் ஏதோ கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

கதவு திறந்தபோது அதிகாரியின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கையில் சிவப்புப் பேனா. வரைபடத்தில் சட்டமன்றம் ஆற்றுக்கு அக்கரைத் தரிசில் கிடந்தது. நாலு மணிக்குள் மாதிரியிலும் அதைப் பெயர்த்து அங்கே நிறுத்தினார்கள். பசை காயாமல் அது சற்றே சாய்ந்து நின்றது. தலைவர்களின் கைதட்டலுக்கு மட்டும் குறைவில்லை.

"மண் பரிசோதனை சரியில்ல, அதான் மாத்தினேன்," என்றே பதினைந்து வருடம் சொல்லிவந்தார் அதிகாரி. போன வாரம் அதே தெருவில், அதே வீட்டில், அக்காள் சோறு போட்டபடி நேராகவே கேட்டாள்.

"இந்த மனுஷன் ஊரெல்லாம் அளக்குறாரே, நிஜமாடா?"

அதிகாரி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"நடந்துச்சுக்கா. பெட்டி மூடியத் தள்ளிட்டு அவங்களே வெளிய வந்தாங்க. புல்வெளிக்குப் போகல. எனக்கு முன்னாடி வந்து நின்னு, நாலாயிரம் பேரும் அண்ணாந்து என்னையே பாத்தாங்க."