அட்டவணையில் இல்லாத காய்ச்சல்

முப்பத்தோரு வருடம் நான் ரயில்வேயில் இருந்தேன். கடைசிப் பதினொரு வருடம் சோலோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர். என் மனைவி வுர்யானிக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை முடிந்து, மருந்துத் தாளை சிஸ்டர் நிங்ரும் என் கையில் கொடுத்தபோது எனக்கு வந்தது பயமில்லை, நிம்மதி. அது ஓர் அட்டவணை. அட்டவணை எனக்குத் தெரிந்த விஷயம்.

மூன்று வாரம் ஒரு சுற்று. முதல் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அன்று தொடங்கிப் பதினான்கு நாள் காலையும் மாலையும் மாத்திரை, பிறகு ஏழு நாள் ஓய்வு. இப்படி எட்டுச் சுற்று. சாப்பிட்ட அரை மணிக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்குச் சேர்த்துப் போடக் கூடாது. குளிர்ந்தது எதையும் தொடக் கூடாது.

"நம்ம கல்யாணத்துலகூட யாரும் இத்தனை கூடாது சொல்லலையே" என்றாள் வுர்யானி.

ஐஸ் போட்ட டீ இல்லாமல் அவளுக்குப் பகல் நகராது. முதல் வாரமே பழக்கதோஷத்தில் பிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்துவிட்டுக் கரண்ட் அடித்தவள் மாதிரி கையை உதறினாள். அதற்குப் பிறகு வெதுவெதுப்பான டீதான், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

நான் பழைய காலண்டர் அட்டையின் முதுகில் கட்டம் போட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டினேன். தேதி, சாப்பாடு, மாத்திரை, நேரம். காலை ஆறரை, மாலை ஆறரை. மாத்திரையை வெறுங்கையால் எடுக்க வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தபடி கையுறை போட்டுத்தான் எடுப்பேன். "தண்டவாளத்துல பொணம் எடுத்தப்பகூட நீங்க கையுறை போடலையே மாஸ்" என்று சிரிப்பாள். மாஸ் என்பது எங்கள் ஊரில் மனைவி கணவனைக் கூப்பிடும் சொல். இரண்டாம் சுற்றில் அவள் உள்ளங்கை சிவந்து உரிந்தது. அது என் கண்ணில் பட்டதால் சிஸ்டரிடம் சொன்னேன். க்ரீம் தடவச் சொன்னார், வெந்நீரில் கைவைக்க வேண்டாம் என்றார். அன்றிலிருந்து பாத்திரம் கழுவுவது நான்.

வியாழக்கிழமைதோறும் சிஸ்டர் போனில் கூப்பிடுவார். "எப்படி இருக்கீங்க பூ?" என்பார்; அவர் வாயில் அம்மாக்கள் எல்லாம் பூ, ஐயாக்கள் எல்லாம் பா. "நல்லாயிருக்கேன் சிஸ்டர், நீங்க சாப்டீங்களா?" என்பாள் வுர்யானி. எங்கள் ஊரில் நலம் விசாரித்தால் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். வேறெதுவும் சொன்னால் கேட்டவர் தலையில் நம் பாரத்தை ஏற்றியது போல ஆகிவிடும். நானும் அப்படி வளர்ந்தவன்தான், எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

மூன்றாம் சுற்று, பன்னிரண்டாம் நாள். விடிந்தபோது அவள் போர்வையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு நடுங்கினாள்.

"காத்து புகுந்திருச்சு போல" என்றாள்.

எங்கள் தெருவில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை, காற்றுதான் புகும். தலைவலி காற்று, வயிற்றுவலி காற்று. போன வருடம் தெருமுனைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாரே, அதுவும் காற்று. காற்று நோயில்லை என்பதால் டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. முதுகில் எண்ணெய் பூசிக் காசால் சுரண்டினால் போய்விடும். சிஸ்டர் கொடுத்த தாளில் ஒரு வரி இருந்தது: உடம்புச் சூடு முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ காத்திருக்காமல் உடனே வரவும். அதன் கீழே சிவப்புக் கோடு போட்டவன் நான். அந்த வரியும் இந்தக் காற்றும் ஒன்றுதான் என்று என் மூளையில் ஏறவே இல்லை. தெர்மாமீட்டர் வாங்கிய பெட்டியோடு இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் வுர்யானியின் அக்காவுக்குப் போன் செய்தேன். சர்தினி என்று பெயர், யூ என்றால் அக்கா, தெருவுக்கே அவர் யூ சர்தினி. காசால் முதுகு சுரண்டுவதில் அவரை விட்டால் ஆளில்லை. எனக்கும் அவருக்கும் முப்பது வருடமாக ஏழாம் பொருத்தம். டச்சுக்காலத்துத் தடித்த செம்புக்காசும், நசுக்கிய சின்ன வெங்காயம் ஊறும் தேங்காய் எண்ணெயும் வைத்த தகர டப்பாவோடு வந்து சேர்ந்தார்.

"மருந்து சாப்பிடற உடம்பு யூ, மெதுவா சுரண்டுங்க" என்றேன்.

"எனக்குக் கொடி காட்டாதீங்க ரயில்காரரே. போய் உங்க கட்டத்தைப் பாருங்க."

மணி ஆறேகால். வுர்யானி இரண்டு வாய் கஞ்சிதான் குடித்திருந்தாள். நான் கையுறையை மாட்டி மாத்திரையைத் தட்டில் எடுத்து வைத்தேன். உள்ளே காசு முதுகில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. மூன்றாவது கேட்கவில்லை.

"தம்பி, இங்க வாங்க. அந்தத் திரையை விலக்குங்க."

முப்பது வருடத்தில் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றுதான். வெளிச்சத்தில் பார்த்தேன். முதுகில் இரண்டு கோடுகள், நாவல்பழ நிறத்தில். ஒன்றில் ரத்தம் துளிர்த்து நின்றது.

"காத்துன்னா செவக்கும். இது தொட்டதுமே கருக்குது" என்றார் யூ சர்தினி. "நான் அழுத்தவே இல்ல தம்பி. எத்தனை முதுகு பார்த்த கை இது. இது காத்தில்ல. உடம்பு அனலாக் கொதிக்குது. சூடு பாக்கற சாமான் வாங்கி வச்சீங்களே, அதை எடுங்க."

முப்பத்தொன்பது புள்ளி ஒன்று.

"ஆறரை ஆகப்போகுது, மாத்திரை..." என்றேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"அதைத் தூக்கி ஓரமா வைங்க. அந்த சிஸ்டரைக் கூப்பிடுங்க."

சிஸ்டர் நிங்ரும் ஒரு வார்த்தைகூட வீணாக்கவில்லை. "மாத்திரை கொடுக்காதீங்க பா. காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். நேரா எமர்ஜென்சிக்கு வாங்க, கீமோ மருந்துல இருக்காங்கன்னு வாசல்லயே சொல்லுங்க. எப்பலேருந்து காய்ச்சல்?"

"இன்னிக்குக் காலைலேருந்து" என்றேன். வுர்யானி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்ஸி பிடித்துப் போனோம். கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்கள் அவள் ரத்தத்தில் அநேகமாக இல்லை. ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்களும் குறைந்திருந்தன, அதனால்தான் அந்தக் கறுப்பு. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார் டாக்டர். ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏறத் தொடங்கியது.

இரண்டு நாள் எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். யூ சர்தினி வராந்தாவில் அந்தத் தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இனி அவ முதுகைத் தொடமாட்டேன்" என்றார்.

"நீங்க தொட்டதாலதான் தெரிஞ்சது யூ."

"நீங்க ஒரு நல்ல வார்த்தை சொல்றதுக்கு என் தங்கச்சி இங்க வந்து படுக்க வேண்டியிருக்கு" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் சூடு இறங்கியது. அடுத்த சுற்றைத் தள்ளிப்போட்டு, மாத்திரையின் அளவையும் குறைப்பதாகச் சொன்னார்கள். நான் வீட்டுக்குப் போய் அந்தக் காலண்டர் அட்டையை எடுத்து வந்து சிஸ்டரிடம் காட்டினேன். காய்ச்சல் வரும்வரை ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று அவர் பாராட்ட வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அவரும் பாராட்டிவிட்டுப் போனார்.

வுர்யானி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாம் நாளே குளிர் எடுத்துச்சு மாஸ்" என்றாள். "வாயெல்லாம் புண்ணு. சோறு உள்ள இறங்கல. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் கோழிக்குப் போட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"டிக் போட்டு, பேனாவை மூடி, தள்ளி நின்னு அந்தத் தாளைப் பார்த்துச் சிரிப்பீங்க. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் உங்க மூஞ்சில அந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்ல. அதைக் கெடுக்க மனசு வரல."

எனக்கு அவமானமாக இருந்தது. சாப்பாடு என்ற கட்டத்தில் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் நாட்களுக்கு நேராக என் டிக் அழகாக நின்றது. பன்னிரண்டாம் நாள் கஞ்சிக்குக்கூடப் போட்டிருந்தேன். அட்டையைத் திருப்பினேன். அந்தப் பக்கம் போன வருடக் காலண்டர். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கே..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"வாய் எரியுது" என்றாள். "பாதம் எரியுது." பிறகு, "செத்துடுவேனோன்னு பயமா இருக்கு மாஸ்" என்றாள்.

மூன்றையும் எழுதினேன். மூன்றாவதன் கீழே, "எனக்கும்" என்று எழுதி அவளிடம் காட்டினேன்.