பத்தொன்பது பக்கம் குறைவு

திருட்டு பி.டி.எஃப் பிடிப்பதுதான் என் வேலை. ஒரு பதிப்பகத்தின் காப்புரிமைப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, யார் எந்தப் புத்தகத்தை எந்த குரூப்பில் ஏற்றினாலும் விடாமல் நோட்டீஸ் அனுப்புவேன். அப்படி இருக்க, அதே பதிப்பகம் போட்ட என் முதல் நாவலை, என் சொந்த அத்தையே தன் தையல் கடை வாட்ஸ்அப் குரூப்பில் இருநூற்று முப்பது பேருக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: "எங்க அண்ணன் பொண்ணு எழுதினது. எல்லாரும் படிங்க, ஃப்ரீதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் அச்சு இந்த மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தால்தான் இரண்டாவது நாவல் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். பாதிப் பிரதிகள் இன்னும் கிடங்கில் தூங்குகின்றன. அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

அத்தை வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துப் பஞ்சில் குத்திவிட்டுத்தான் பேசினாள்.

"வாம்மா எழுத்தாளரே! நாலு நாள் உக்காந்து, மெஷின் லைட்டுல ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்தேன். முதுகே போச்சு."

"அத்தை, அது சட்டப்படி குத்தம். இதுக்குத்தான் முன்னபின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பறேன்."

"எனக்கும் அனுப்பு. அட்ரஸ்தான் தெரியுமே."

கோபத்தில் அவள் போனைப் பிடுங்கித் திறந்து பார்த்தேன். புத்தகம் நூற்று நாற்பதாம் பக்கத்திலிருந்து நேராக நூற்று அறுபதுக்குத் தாவியது.

நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அங்கேதான் ஒரு தையல்காரி வருவாள். அளவெடுக்கும்போது யாராக இருந்தாலும் "இளைச்சுட்டீங்களே!" என்பாள். அப்புறம் சத்தம் காட்டாமல் ஒரு இஞ்ச் கூட்டித் தைத்துவிடுவாள். துணி கச்சிதமாக உட்காரும், அத்தனை பேரும் அவளிடமே வருவார்கள்.

"நூத்தி நாப்பத்தொண்ணுலேர்ந்து எங்க போச்சு?"

"அது நல்லால்ல, விட்டுட்டேன்."

"அத்தை!"

அத்தை கத்திரியைக் கீழே வைத்தாள். குரல் இறங்கிவிட்டது.

"நல்லாத்தான் இருந்துச்சு. மூணு தடவ படிச்சேன். சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம்தான் பயம் வந்துச்சு. இத என் கஸ்டமர்ங்க படிச்சா நாளைக்கு யாரு இங்க வருவா? உன்னைக் கேக்காம உன் புக்க அனுப்பினது குத்தம்னா, என்னைக் கேக்காம என் கதைய அச்சடிச்சியே, அதுக்குப் பேரு என்ன?"

சட்டத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. எழுதியவருக்குத்தான் காப்புரிமை, வாழ்ந்தவருக்குக் கிடையாது. நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினேன். வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், இவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"தப்புதான் அத்தை. முதல் அச்சு விக்கலைன்னா அடுத்த நாவல் கிடையாதுன்னுட்டாங்க. அந்த ஆத்திரத்துல வந்துட்டேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?"

போனை வாங்கி, பி.டி.எஃப்பை குரூப்பிலிருந்து நீக்கினாள். பிறகு மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் அனுப்பினதுல பத்தொன்பது பக்கம் இல்ல. அதுல என்னைப் பத்தி எழுதியிருக்கு, அதான் நானே எடுத்துட்டேன். என்ன எழுதியிருக்குன்னு தெரியணும்னா காசு குடுத்து புக்க வாங்கிப் படிங்க."

"ஐயோ, வேணாம் அத்தை! உங்க கடை என்னாகறது?"

நான் கையை நீட்டுவதற்குள் போய்விட்டது. அத்தை ஒன்றுமே நடக்காததுபோல மெஷினை மிதித்தாள். நூல் இரண்டு தடவை அறுந்தது.

ஒன்பதே நாளில் கிடங்கு காலி. இரண்டாவது நாவலுக்கு முதலாளி சரி என்று சொன்ன கையோடு கடைக்கு ஓடினேன். அங்கே பேங்க் மேனேஜரம்மா அளவு கொடுக்க நின்றிருந்தார். அவர் கைப்பையிலிருந்து என் நாவல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை டேப்பை அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒரு இஞ்ச் ஏறியிருக்கு மேடம்."

மேடத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"இதென்ன புதுப் பழக்கம்? புத்தகத்த முழுசாப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். எப்பவும் சொல்றதையே சொல்லுங்க."