நீலப்பருந்துக்கு மூன்று சாவு

நீச்சல் தெரியாதவன் ஆற்றில் எதற்குக் குதிக்கிறான்? நீங்களே சொல்லுங்கள். குண்டசாலையில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் வழுக்கி ஆற்றில் விழுந்தாளாம். பஸ்ஸுக்கு நின்ற என் தம்பி ராஜலிங்கம் ஓடிப்போய், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாய்ந்தானாம். அவளைப் பாறைப் பக்கம் தள்ளிவிட்டான். அவள் பிழைத்துக்கொண்டாள். இவனை மகாவலி கொண்டுபோய்விட்டது. மாநகர சபையில் தண்ணீர் பில் எழுதுகிற கிளார்க்குக்கு இந்த வேலை தேவையா? எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சித்திரக்கதைப் புத்தகங்கள் செய்த வேலை.

நாற்பது வயதுக்கு மேலும் அதைத்தான் வாசித்தான். மெட்ராஸிலிருந்து கட்டு வந்து இறங்கினால், மார்க்கெட்டில் ஹாஷிம் நானா கடையில் முதல் புத்தகம் இவனுக்கு. நீலப்பருந்து என்று ஒருத்தன். முகமூடி போட்டிருப்பான், முதுகில் சால்வை, பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுவான். அவன் கதைகள் மட்டும் அலுமாரியில் ஒரு தட்டு நிறைய இருந்தன. பிள்ளை இல்லாத வீடு, வாசித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருந்தேன். நான் அவனுக்கு மூத்தவள், இரத்தினம்மா. ஒரு நாளாவது அதையெல்லாம் அள்ளி அடுப்பில் போட்டிருக்க வேண்டாமா?

படகு போட்டுத் தேடினார்கள். ஆறு எதையும் கொடுக்கவில்லை. மஹய்யாவயில் எங்கள் சந்து முழுக்க அக்கம்பக்கத்தார் வெள்ளைக் கொடி கட்டினார்கள். சாவு விழுந்தால் கட்டுவதுதானே. அவன் பெண்சாதி பாலாம்பிகை வெளியே வந்தாள். சத்தம் போட்டுப் பேசியே அறியாதவள். அத்தனை கொடியையும் பிய்த்து இழுத்துச் சுருட்டி சாக்கடையில் எறிந்தாள்.

"இது சாவு வீடு இல்ல. இன்னொரு தடவ எவனாவது கொடி கட்டினா கைய ஒடிச்சிருவேன்!"

அதற்குப் பிறகு அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்தவள்தான். நெற்றியில் குங்குமம், மடியில் நீலப்பருந்து. பொழுது சாய்ந்தால் எழுந்து உலை வைப்பாள். அவனுக்குச் சோறு போட்டு மூடி வைப்பாள். காலையில் அதை நான் கொட்டுவேன்.

எங்கள் சித்தப்பா செல்லப்பா வந்து பதமாகப் பேசிப் பார்த்தார். "பொணம் கெடைக்காட்டித் தர்ப்பைப் புல்லுல உருவம் செஞ்சு கொள்ளி வைக்கிறது வழக்கந்தாம்மா. அப்படியே கருமாதியையும் முடிச்சிருவோம். அவன அலைய விடாத தாயி."

பாலா ஒரு புத்தகத்தை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இங்க பாருங்க மாமா. இவன் மூணு தடவ செத்தான். மூணு தடவையும் பொணத்தக் காட்டல. பொணத்தக் காட்டாட்டி சாகலன்னு அர்த்தம். ஒங்க அண்ணன் மகன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

அவள் கண்ணயர்ந்த நேரம் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு ஆத்திரம். நீலப்பருந்து பாலத்தோடு இடிந்து விழுகிறான். காலிப் பெட்டியை வைத்து அடக்கம் செய்கிறார்கள். மழை, கறுப்புக் குடைகள். கூட்டாளிகள் முகமூடியோடு வரிசையாக நிற்கிறார்கள், ஒருத்தனுக்கும் மூக்கு ஒழுகவில்லை. காதலி கன்னத்தில் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர், தலைமயிர் கலையவில்லை. ஒரு சிலை வைக்கிறார்கள். இரண்டு பக்கத்தில் துக்கம் முடிந்தது. மறுநாள் அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டினார்கள், அவன் சட்டையை என்ன செய்தார்கள், ஒன்றும் இல்லை. அடுத்த புத்தகத்தில் வேறொருத்தன் அதே முகமூடியை மாட்டிக்கொண்டு பறக்கிறான், ஊர் கைதட்டுகிறது. அதற்கும் அடுத்ததில் அசல் ஆளே வந்து நிற்கிறான். "எங்கடா போய்த் தொலஞ்ச?" என்று செருப்பால் அடிக்க அங்கே ஒருத்தி இல்லை.

சாவு வீட்டுப் பக்கமே போகாத எவனோ எழுதியிருக்கிறான் என்று வீசப்போனேன். வீசவில்லை. எப்படித் திரும்பி வந்தான் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். என் வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல! எனக்கும் அவன் வேண்டுமே.

இரண்டு நாள் கழித்துப் பொலிசிலிருந்து ஆள் வந்தது. விக்டோரியா நீர்த்தேக்கத்துக் கரையில் ஒரு சடலம் ஒதுங்கியிருக்கிறது, வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பாலா உடனே சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"வேற யாரோ பாவம். போய் இல்லன்னு சொல்லிட்டு வந்துருவோம் மதினி."

ஹாஷிம் நானா தன் வேனில் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரிப் பிண அறையில் துணியை விலக்கினார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பாலா கண் இமைக்காமல் பார்த்தாள்.

"இவரு இல்ல."

பொலிஸ்காரர் என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். யாரும் உரிமை கோராவிட்டால் அநாதைப் பிணமாகப் புதைத்துவிடுவார்களாம். நான் காலைப் பார்த்தேன். இடது காலில் இரண்டாவது விரல் பெருவிரல் மேல் ஏறிக் கிடந்தது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். குனிந்து பார்த்தால் என் செருப்பிலும் அதே விரல். என் தொண்டையிலிருந்து என்னமோ சத்தம் கிளம்பியது.

பாலா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. பார்த்த உடனேயே தெரிந்திருந்தது. "சொல்லாதீங்க மதினி. ஒங்க கால்ல விழறேன். நீங்க சொன்னாத்தான் அவரு செத்துப்போவாரு. இப்ப இன்னும் சாகல."

அவள் உள்ளங்கை என் பல்லில் அழுந்தியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவள் சாகும் மட்டும் சோறு போட்டு மூடி வைப்பாள். என்றாவது வருவான் என்று நானும் வாசலைப் பார்க்கலாம். ஆனால் என் தம்பி, நான் இடுப்பில் சுமந்து வளர்த்தவன், பேரில்லாமல் ஏதோ ஒரு குழியில் கிடப்பான். ஒரு கொள்ளி இல்லை, ஒரு பிடி வாய்க்கரிசி இல்லை. புல்லுக்கா நான் மாரடிப்பேன்?

அவள் கையைப் பிடித்து விலக்கினேன்.

"மகே மல்லி," என்றேன். என் தம்பி.

பிறகு கொஞ்ச நேரம் எனக்கு நினைவில்லை. சீமெந்துத் தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினேனாம். ஹாஷிம் நானா வாசலில் நின்று அழுதாராம்.

பாலா அழவில்லை. "ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாமே மதினி," என்றாள். "எனக்காக ஒரு பொய் சொல்ல ஒங்களுக்கு மனசு வரலையே."

அவள் அவன் கால்மாட்டுக்குப் போனாள். அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து, சூடு பறக்கத் தேய்க்க ஆரம்பித்தாள். பிண அறை ஆட்கள் தடுக்க வந்தார்கள், நான் விடவில்லை.

"சில்லுன்னு இருக்கு மதினி," என்றாள். "இவருக்குக் குளிர் ஆகாதே."