படுத்திருக்கும்போது நாற்பத்தொன்று

காலையில் விழிப்பு வந்ததும் லிஃப்ட்காரர் செய்கிற முதல் வேலை, அசையாமல் கிடப்பது. புரண்டு படுத்தாலே இதயத் துடிப்பு ஏறிவிடும் என்று யாரோ அவர் காதில் ஓதிவைத்திருந்தார்கள். அதனால் கட்டை போலக் கிடந்து, கழுத்தில் இரண்டு விரலை வைத்து, ஒற்றைக் கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுவார். அறுபத்தெட்டு. நேற்றும் அதேதான். மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு மறுபடி எண்ணினால் எழுபது.

"எந்திரிச்சாச்சா?" என்பாள் மனைவி.

"பேசாதே. எண்ணிட்டிருக்கேன்."

"நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள ஊரே எந்திரிச்சு வேலைக்குப் போயிடும்."

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அவருடைய சைக்கிள் கூட்டம். பல் டாக்டர், பேக்கரிக்காரர், கணக்கு வாத்தியார், இவர் என்று நாலு பேர். நாலு பேருக்கும் நரை விழுந்துவிட்டது, புத்தி மட்டும் பள்ளிக்கூட மைதானத்திலேயே நின்றுவிட்டது. தினமும் படுக்கையை விட்டு எழுமுன் அவரவர் துடிப்பு எண்ணைப் போன் குழுவில் போட வேண்டும். ஓய்வில் இதயம் எவ்வளவு மெதுவாகத் துடிக்கிறதோ அவ்வளவு தேறிய உடம்பு என்பது கணக்கு. அந்த வாரம் யாருக்குக் குறைவோ அவர்தான் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வண்டி ஓட்டுவார். முன்னால் ஓட்டுவதில் என்ன சுகம் என்று கேட்காதீர்கள். எதிர்க்காற்று முழுவதையும் மூஞ்சியில் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதற்கு இந்த அடிதடி.

லிஃப்ட்காரர் ஒருநாளும் முன்னால் போனதில்லை. பல் டாக்டர் ஐம்பது என்பார், பேக்கரிக்காரர் ஐம்பத்திரண்டு என்பார், இவர் அறுபத்தெட்டு என்பார். கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. "அறுபத்தெட்டு வந்தாச்சா? கிளம்பலாமா?" என்று தெருமுனையில் நின்று பேக்கரிக்காரர் கூப்பிடும்போது இவரும் பல்லைக் காட்டிச் சிரிப்பார். உள்ளே மட்டும் பற்றிக்கொண்டு எரியும்.

லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. லிஃப்டுக்குக் காது வைத்தாலே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் சமீபமாக வேலையிலும் நிலைகொள்ளவில்லை. மோட்டார் அறையில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பார். உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் தூக்கம் வராது. தூங்கினால்தான் துடிப்பு குறையும் என்ற நினைப்பே தூக்கத்தை விரட்டிவிடும். ஓய்வுத் துடிப்புக்காக ஓய்வையே தொலைத்த மனுஷர்.

விரலை நம்பிப் பிரயோஜனமில்லை என்று கடைசியில் ஒரு பட்டை வாங்கினார். மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற கறுப்புப் பட்டை. திரை கிடையாது, மணி காட்டாது. துடிப்பை இரவெல்லாம் பார்த்துக் காலையில் போனுக்குச் சொல்லும். கடைக்காரர் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றதும், மனைவிக்கும் ஆயிற்று என்று இரண்டாகக் கொண்டுவந்தார்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒன்றைத் தன் போனோடும் மற்றொன்றை அவள் போனோடும் சேர்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சார்ஜில் போட்டார். படுக்கப் போகும்போது ஒன்றை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டு, மற்றொன்றை அவள் கையில் கட்டிவிட்டார்.

"எனக்கு எதுக்குங்க இது? நான் எந்தப் பந்தயத்துக்குப் போறேன்?"

"கட்டிக்கோ. உடம்பு எப்படி இருக்குன்னு தெரியும்ல."

மறுநாள் காலை போனைப் பார்த்தவர் படுக்கையிலேயே துள்ளி உட்கார்ந்தார். நாற்பத்தொன்பது. இத்தனை நாள் விரல் தன்னை ஏமாற்றியிருக்கிறது என்று ஒரே நொடியில் முடிவுக்கு வந்துவிட்டார். நமக்குச் சாதகமான செய்தியை யார் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்? அப்புறம் மனைவியின் போனை எடுத்துப் பார்த்தார். அங்கே இருந்தது அறுபத்தெட்டு.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தனை நாள் என்னைச் சொன்னாங்க. அறுபத்தெட்டு இங்கதான் படுத்திருக்கு" என்று அந்தப் பட்டப்பெயரை அப்படியே மனைவிக்குத் தாரைவார்த்துவிட்டார்.

அந்த ஞாயிறு முதன்முதலாக முன்னால் ஓட்டினார். எதிர்க்காற்றில் கண்ணில் நீர் வழிந்தது. மேட்டில் ஏறும்போது நாக்கு வெளியே தள்ளியது. ஓட்டும்போது துடிப்பைப் பார்க்க மார்பில் கட்டியிருந்த வேறொரு பட்டையின் எண், ஹேண்டில்பார்த் திரையில் கன்னாபின்னாவென்று எகிறியது.

"மேட்டுல இப்படி எகிறுதே. உனக்கா தூங்கும்போது நாப்பத்தொம்போது?" என்றார் பல் டாக்டர்.

"ஏறவும் தெரியணும், இறங்கவும் தெரியணும். லிஃப்ட் மாதிரி" என்றார் இவர்.

வாரங்கள் போகப் போக எண் இன்னும் இறங்கியது. நாற்பத்தாறு, நாற்பத்துநாலு, நாற்பத்தொன்று. குழுவில் அவர் பெயர் இப்போது யோகி. யோகியோ விடியும் முன்பே எழுந்து போனைத் தடவுவதும், எண் ஒன்று கூடியிருந்தால் அன்றைக்கெல்லாம் எரிந்து விழுவதுமாக இருந்தார். மலைப்பாதைப் போட்டி ஒன்று வரப்போகிறது. அதில் கலந்துகொண்டே தீருவது என்று பெயரும் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் மனைவிக்கு உடம்பு ஒரு நிலையில் இல்லை. அவள் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். காலையிலிருந்து சாயங்காலம்வரை மெஷின் முன்னால் உட்கார்ந்த வேலை. வீடு நாலாவது மாடி, லிஃப்ட்காரர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பது அந்தத் தெருவின் நிரந்தர நகைச்சுவை. முன்பெல்லாம் அவள் பையோடு பேசிக்கொண்டே ஏறிவந்துவிடுவாள். இப்போது இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தாள்.

"என்னமோ அசதியா இருக்குங்க. ஊசியில நூல் கோர்க்கும்போது கண்ணைக் கட்டிக்கிட்டு வருது."

அவர் அவளுடைய போனை எடுத்துப் பார்ப்பார். "அறுபத்தேழு. உடம்பு வளையாததுதான் உன் வியாதி. தினம் காலையில ரெண்டு தடவை மாடி ஏறி இறங்கு. சரியாயிடும்."

"ஏறினாதாங்க மூச்சு வாங்குது."

"வாங்கத்தான் செய்யும். எனக்கும் வாங்குச்சு. இப்ப பாரு, நாப்பத்தொண்ணு."

அவளும் ஏறி இறங்கினாள். கணவன் சொல்லைத் தட்டாத சாது ஒன்றும் அல்ல அவள். ஆனால் இத்தனை ஆசையாக ஒருவர் தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படும்போது எப்படி மறுப்பது என்று ஏறினாள். அவர் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, "இன்னும் ஒரு மாடிதான், வா வா" என்று உற்சாகப்படுத்தினார். அன்றைக்கு அது அவருக்கு அன்பாகத்தான் தெரிந்தது.

மலைப்பாதைப் போட்டிக்கு மருத்துவச் சான்று வேண்டும் என்றார்கள். அவர் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை போல மழித்துக்கொண்டு சைக்கிளிலேயே மருத்துவமனைக்குப் போனார். டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே சொன்னார்: "ரெஸ்டிங்ல நாப்பத்தொண்ணு, மேடம்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நாப்பத்தொண்ணா? தலை சுத்துதா?"

"சேச்சே."

"படி ஏறினா மூச்சு வாங்குதா? கண்ணை இருட்டிக்கிட்டு வருதா? காரணமில்லாம அசதி?"

"ஒண்ணும் கிடையாது. நான் சைக்கிள்காரன்."

"சில சைக்கிள்காரங்களுக்கு அப்படி இருக்கறது உண்டுதான். ஆனா அந்த மாதிரி தொந்தரவோட நாப்பத்தொண்ணு இருந்தா நான் வீட்டுக்கே அனுப்ப மாட்டேன். படுங்க, ஈசிஜி எடுத்துடலாம்."

மார்பிலும் கை காலிலும் ஒயரை ஒட்டினார்கள். காகிதம் நீளமாக வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்.

"எழுபத்தொண்ணு."

"வெயில்ல ஓட்டிட்டு வந்தேன். அதான்."

"சரி, கொஞ்ச நேரம் சும்மா படுத்திருங்க."

சும்மா படுத்திருப்பது அவருக்கு எப்போது வந்தது? விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு கிடந்தார். மறுபடி எடுத்தார்கள். அறுபத்தெட்டு.

"நல்ல இதயம்ங்க. எந்தக் குறையும் இல்லை. உங்க பட்டையைத்தான் மாத்தணும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

உலகத்தில் நல்ல இதயம் என்று கேட்டு நொந்துபோன மனுஷர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். வீடு திரும்பும் வழியெல்லாம் பெடலை மிதித்த மிதியில் சங்கிலி அறுந்திருக்க வேண்டும். பல் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? யோகி என்று கூப்பிட்ட வாய்கள் இனி என்னவெல்லாம் கூப்பிடும்? பட்டை விற்றவனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார்.

மனைவி வீட்டில்தான் இருந்தாள். அவளும் வேலைக்குப் போகவில்லை. "தலை கொஞ்சம் கிறுகிறுன்னு இருந்துச்சு, லீவு சொல்லிட்டேன்" என்று உள் அறைக் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"வர்றேன் இரு" என்று கூடத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தார். இந்த நொடியில் துடிப்பு எவ்வளவு என்று காட்டுகிற பக்கத்தைத் தட்டினார். நாலு மாடி ஏறி, வியர்த்து ஒழுகி, காதுக்குள் டம் டம் என்று அடிக்கிறது. போன் நாற்பது என்றது.

"பாரு, புளுகற புளுகை" என்று பட்டையைப் பிய்த்து மேஜையில் வீசினார்.

போன் முப்பத்தொன்பது என்றது.

அவர் மேஜையைப் பார்த்தார். பட்டை வாயைப் பிளந்துகொண்டு சும்மா கிடந்தது. அதற்குள் கை இல்லை. போனில் சின்னச் சிவப்புப் புள்ளி மெதுவாக, மிக மெதுவாக மினுங்கியது. முப்பத்தொன்பது. நாற்பது.

ஜோடி லிஃப்ட் உள்ள கட்டடங்களில் அவர் இதைப் பார்த்திருக்கிறார். புதிதாக ஒயர் மாட்டுகிறவன் இரண்டையும் மாற்றி மாட்டிவிடுவான். இடது லிஃப்டின் விளக்கு ஒவ்வொரு மாடியாக ஒழுங்காக எரியும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடது லிஃப்டே ஆளோடு நடுவில் நின்றிருக்கும்.

தலை சுத்துதா? படி ஏறினா மூச்சு வாங்குதா? காரணமில்லாம அசதி?

எழுந்து உள்ளே ஓடினார். உள் அறையில் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. பட்டைக்குக் கீழே நரம்பில் இரண்டு விரலை வைத்தார். ஒன்று. அடுத்ததற்காகக் காத்திருந்த நேரத்தில் அவருக்கு உயிர் போய் வந்தது. இரண்டு.

"என்னங்க, சர்டிஃபிகேட் கொடுத்துட்டாங்களா?"

"கொடுத்துட்டாங்க. நீ எந்திரிக்காத. படியில நடக்கக் கூடாது. நான் ஆளைக் கூப்பிடறேன்."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்லைம்மா" என்றார். பிறகு அது பொய் என்று அவருக்கே பொறுக்கவில்லை. "நாப்பத்தொண்ணு உன்னோடதும்மா. நான் மாத்திக் கட்டிவிட்டுட்டேன்."

அவள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "அப்ப நீங்க ஊரெல்லாம் காட்டினது என்னையா?" என்றாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரும் அவருமாக அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், அவள் வழக்கமாக உட்காருகிற படியைத் தாண்டும்போது, அவர் அந்தப் படியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதே டாக்டரம்மாதான். அதே ஒயர்கள். காகிதம் வந்ததும் இந்தத் தடவை புன்னகை இல்லை. இதயத்தின் மேல் அறை அனுப்புகிற மின்சாரம் கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் தடைபடுகிறது, உடனே பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும் என்றார். "நல்ல வேளை, கூட்டிட்டு வந்தீங்க" என்றும் சொன்னார். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள அவருக்கு யோக்கியதை இல்லை. எத்தனை நாள் அவளை மாடி ஏறவிட்டேன் என்று வாய் வரை வந்தது. சொன்னார். டாக்டரம்மா காகிதத்தை மடித்தார்.

குழுவில் பேக்கரிக்காரர் கேட்டிருந்தார்: "யோகி, சான்று வந்தாச்சா?" அவர் பதில் போடாமல் போனைக் கவிழ்த்துவைத்தார்.

அறுவை அறைக்குக் கொண்டுபோகுமுன் நகை, கடிகாரம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றாள் நர்ஸ். மனைவி பட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. உங்களோடதை நீங்களே கட்டிக்கோங்க."

அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். முதன்முறையாக அவருடைய இதயம் அவருடைய போனுக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு விரல்கூட அசையவில்லை. நூற்றுப் பன்னிரண்டு.

அவள் படுத்தபடியே எட்டிப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. இருந்தும் விடவில்லை.

"நூத்திப் பன்னெண்டா? உடம்பு வளையாததுதான் உங்க வியாதி" என்றாள். "நான் வர்றதுக்குள்ள ரெண்டு தடவை மாடி ஏறி இறங்குங்க. சரியாயிடும்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. அவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார். லிஃப்ட் திறந்துதான் இருந்தது. அதைத் தாண்டிப் போய், முதல் படியில் காலை வைத்து, ஏற ஆரம்பித்தார்.